நான்காம் கூடார இடத்திலிருந்து கேட்ட மூன்று சத்தம்

மேலணைத் தண்ணீர்க் கரையில் இருக்கும் கூடார இடங்களை இந்த வருஷம் மறுபடி திறந்திருக்கிறார்கள். இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் வனக்காவலர் போன மாதம் போன் செய்தார். "சார், நீங்க ஆறு வருஷம் அங்கன இருந்திருக்கீக. ஒவ்வொரு இடத்துக்கும் என்னென்ன பாக்கணும்னு எழுதிக் குடுத்தீகன்னா எங்களுக்கு லேசா இருக்கும்" என்றார். நம் ஓய்வு பெற்றோர் மலருக்கும் ஒரு அனுபவக் கட்டுரை கேட்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். முதல் மூன்று இடங்களைப் பற்றி எழுத எனக்கு அரை நாள் போதும். நான்காம் இடத்தைப் பற்றி எழுதத்தான், விருப்ப ஓய்வு வாங்கி ஒன்றரை வருஷம் ஆகியும் கை வரவில்லை.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் சாத்தூருக்கு மேற்கே. அப்பாவும் அம்மாவும் பட்டாசு கம்பெனிக்குப் போனவர்கள். நானும் இரண்டு வருஷம் ஒரு கம்பெனியின் கேட்டில் சோதனை ஆளாக நின்றேன். தீப்பெட்டி, பீடி, இரும்புச் சாவி எதுவும் உள்ளே போகக் கூடாது. வருகிறவர்களின் மடியையும் தூக்குவாளியையும் தடவிப் பார்த்து அனுப்புவதுதான் வேலை. பிறகு வனத்துறையில் வாட்சர் ஆனேன். பயிற்சியில் கால்தடம் பார்க்க, வரைபடம் படிக்க, தினமும் டைரி எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் இரண்டையும் சுமாராகவே கற்றேன். டைரி மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. நேரம், காற்றின் திசை, தண்ணீர் மட்டம், பார்த்தது, கேட்டது என்று ஐந்து கோடு போட்டுக்கொள்வேன். காட்டில் கழித்த எந்த நாளும் அந்த ஐந்து கோட்டுக்குள் அடங்காமல் போனதில்லை.

மேலணை பழைய சிறிய அணை. அடிவாரத்திலிருந்து வரும் ஜீப் பாதை செக்போஸ்ட்டோடு முடிந்துவிடும். முதல் மூன்று கூடார இடங்களும் செக்போஸ்ட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும். நான்காவது மேற்கே, தண்ணீரின் மறுகோடியில், ஒரு பாறை முகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. நடந்தால் இரண்டரை மணி நேரம். துறையின் துடுப்புப் படகில் போனால் அரை மணி. அந்தப் பக்கம் முழுக்க செல்போன் எடுக்காது. வயர்லெஸ் பெட்டி செக்போஸ்ட்டில் மட்டும்தான்.

வருகிறவர்களுக்கு நான் வைத்திருந்த முறை இது. பையைப் பிரித்துப் பார்ப்பேன். தீப்பெட்டி, லைட்டர், பாட்டில், வெடி எல்லாவற்றையும் எடுத்து, பெயர் எழுதிய துணிப்பையில் கட்டி வைத்துக்கொள்வேன். கூடாரம் தண்ணீரிலிருந்து அறுபது தப்படி தள்ளி இருக்க வேண்டும், யானை இறங்கும் தடத்துக்குக் குறுக்கே இருக்கக் கூடாது. சாப்பாட்டுச் சாமானைக் கயிற்றில் கட்டி ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே தூக்கிவிட வேண்டும். ஒரே ஒரு அடுப்பு. பத்து தீக்குச்சி எண்ணிக் கொடுப்பேன். கிளம்பும்போது சாம்பலைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், உள்ளங்கை காய்ப்பு ஏறியது, சூட்டை மறைத்துவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது, யானை தண்ணீருக்கு வரும் நேரம் அது. கடைசியாக ஒரு விசில் கொடுப்பேன்.

அந்த விசிலுக்கு ஒரு கதை உண்டு. திறந்த முதல் வருஷம், இரண்டாம் இடத்தில் தங்கிய மதுரைக் கூட்டம் ஒன்று நிறுத்தாமல் விசில் ஊதியது. படகைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். குரங்கு ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். அடுத்த மாதம் இன்னொரு கூட்டம் பாட்டுக்குத் தாளமாக ஊதியது. அப்போதும் ஓடினேன். எங்கள் ரேஞ்சர் கேட்டார்: "குரங்குக்குப் பிஸ்கட்டும் கொண்டு போனீங்களோ?"

ரேஞ்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தாத மனிதர். என் டைரியைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போவார். எதையும் உத்தரவாகச் சொல்ல மாட்டார், கேள்வியாகத்தான் கேட்பார். "அந்தக் கிளை விழுந்திருமோ?" என்றால் வெட்ட வேண்டும். "இவ்வளவு சீக்கிரம் லீவா?" என்றால் கிடையாது. நான்காம் இடத்துக்கு ஒரு வாக்கி டாக்கி வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும், "அந்த முகட்டுக்குப் பின்னால எடுக்குமா என்ன?" என்று கேட்டார். நான்காம் தடவை எழுதவில்லை. அவரிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்ததில், அவர் கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைச் செய்து முடிக்கிற ஆளாகிவிட்டேன்.

குரங்குச் சம்பவத்துக்குப் பிறகு நானே ஒரு விதி செய்தேன். ஆபத்து என்றால் மூன்று ஊதல். ஒவ்வொரு ஊதலுக்கும் நடுவில் அறுபது வரை எண்ண வேண்டும். விளையாட்டுக்கு ஊதுகிறவனுக்கு அறுபது எண்ணப் பொறுமை இருக்காது. ரேஞ்சர் அந்த வரிக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தார். அதற்குப் பிறகு வீண் ஓட்டம் ஒன்றுகூட இல்லை.

தீபாவளி கழிந்த ஆறாம் நாள், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். சீசன் முடிந்து கம்பெனிகள் பூட்டியிருக்கும் நாட்கள் அவை. சுப்புராஜ் என்பவர் போர்மேன். அவர் தங்கை காளீஸ்வரியின் வீட்டுக்காரர் முனியசாமியும், இவர்களுக்குக் கீழே வேலை பார்க்கும் இரண்டு பேரும் கூட வந்தார்கள். பையைத் திறக்கச் சொல்லும் முன்பே நான்கு பேரும் வரிசையாக நின்று கையைத் தூக்கிக்கொண்டார்கள்.

"எங்க கம்பெனி கேட்டுலகூட இம்புட்டுத் தடவ மாட்டாக சார்" என்றார் முனியசாமி. "கூச்சமா இருக்குல்ல."

"மாப்ளே, சும்மா நில்லு. ஒன் இடுப்புல என்ன தங்கமா இருக்கு?" என்றார் சுப்புராஜ்.

பத்து தீக்குச்சியை எண்ணிக் கொடுத்தபோது முனியசாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மச்சான், தீபாவளிக்கு முன்னால நாம எத்தன லோடு ஏத்திவிட்டோம்? நமக்குப் பத்துக் குச்சி! அதுல ஒண்ணு நமுத்துப் போயிருக்கு சார், மாத்திக் குடுங்க."

மாற்றிக் கொடுத்தேன். விசிலையும் கொடுத்து, மூன்று ஊதல், நடுவில் அறுபது என்று சொன்னேன். சுப்புராஜ் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். பட்டாசு வேலை செய்கிறவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அப்படிச் செய்யாதவர்கள் அந்த வேலையில் நிலைப்பதில்லை. படகில் இரண்டு நடையாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அரிசிப் பைக்குள் அவர்கள் மூன்று சணல் வெடியை வைத்திருந்ததை நான் கண்டுபிடிக்கவில்லை. கேட்டில் நின்று பழகியவன் அரிசிக்குள் கை விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை டைரியில் நான் எழுதியதை எழுத்து மாறாமல் தருகிறேன்.

"மாலை 5.25. நான்காம் இடத்துத் திசையில் வெடிச் சத்தம். சணல் வெடி ரகம். மூன்று. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். காற்று மேற்கிலிருந்து, லேசாக. தடை மீறல். காலையில் நேரில் சென்று விளக்கம் எழுதி வாங்க வேண்டும்."

நான் வெடிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவன். கேட்டதும் அது என்ன ரகம் என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். மூன்று என்று எண்ணினேன். ஒரு நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். நான் செய்த விதி, நான் கொடுத்த கணக்கு, அப்படியே திரும்பி வந்து என் காதில் விழுந்தது. அதைத் தடை மீறல் என்ற கட்டத்தில் எழுதி மூடி வைத்தேன். படகு கரையில்தான் கிடந்தது. வெளிச்சம் இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு இருந்தது.

காலை ஆறரைக்குப் படகில் கிளம்பினேன். விளக்கம் வாங்கும் படிவ நோட்டு மடியில் இருந்தது. போகிற வழியில் அவர்களை என்ன கேட்பது என்று கடுமையான வார்த்தைகளாக யோசித்துக்கொண்டு போனேன்.

முனியசாமி கூடாரத்துக்கு வெளியே போர்வையில் கிடந்தார். வலது கால் முழங்கால்வரை வீங்கிக் கறுத்திருந்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு, அடுப்புக்கு விறகு பொறுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. மற்ற இரண்டு பேரும் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சுப்புராஜ் மட்டும் தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி வந்து படகைப் பிடித்தார்.

"வந்துட்டீகளா சார்" என்றார். கோபமே இல்லை. "விசில் ஊதிப் பாத்தோம். முகடு மறிக்கும்போல, எங்களுக்கே தெரிஞ்சது. அதான் வெடியை வச்சோம். தப்புத்தான். ஆனா நீங்க சொன்ன கணக்குக்குத்தான் வச்சோம். அறுபது எண்ணித்தான் வச்சோம். அஞ்சு மணிக்கு மேல நகரக் கூடாதுன்னீக, அதனால எங்கயும் போகல. சாயங்காலமே கூப்பிட்டமே சார், கேக்கலையா?"

"இல்ல" என்றேன்.

யாரும் சொல்லிக் கொடுத்து வந்த வார்த்தை இல்லை. அவர் கேட்ட அடுத்த நொடியே என் வாயிலிருந்து வந்துவிட்டது. மடியில் இருந்த படிவ நோட்டைப் படகுப் பலகைக்கு அடியில் காலால் தள்ளினேன்.

முனியசாமியைப் படகில் கிடத்தினோம். நினைவு இருந்தது. "சார், குச்சி நாலு மிச்சம் இருக்கு" என்றார். வயர்லெஸ்ஸில் ஜீப்பை வரவழைத்து அடிவாரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மருந்து ஏற்றிய டாக்டர் என்னைத் தனியே அழைத்து, எத்தனை மணிக்குக் கடித்தது என்று கேட்டார். சொன்னேன். "பதினேழு மணி நேரமா? நேத்து ராத்திரி எட்டு, ஒம்பது மணிக்கு வந்திருந்தா வேற மாதிரிப் போயிருக்கும்" என்றார். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் மூன்றாம் நாள் முனியசாமி இறந்தார்.

ரேஞ்சர் அன்று மாலை செக்போஸ்ட்டுக்கு வந்தார். டைரியை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் புள்ளி வைத்துக்கொண்டே வந்த பென்சில் 5.25 என்ற இடத்தில் நின்றது. "காத்து மேற்கேயிருந்துதான் அடிச்சுச்சா?" என்று கேட்டார். பிறகு, "அவ்வளவு தூரத்துக்குக் கேக்குமா என்ன?" என்று கேட்டார். டைரியை மூடி என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனார். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் தெளிவாக எழுத வேண்டும். அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. அதற்கு முன்பே நான் கரையில் பொய் சொல்லியாகிவிட்டது.

எங்களுக்கு மாதத்துக்கு ஒரு டைரி நோட்டு. புது நோட்டு ஒன்றை எடுத்து, அந்த மாதத்தின் எல்லா நாளையும் திரும்ப எழுதினேன். இரண்டு பகல் பிடித்தது. அதே பேனா. அடித்தல் இருந்த இடத்தில் அடித்தேன். ஒரு நாள் மழையில் மை பரவியிருந்தது, விரலில் தண்ணீர் தொட்டு அங்கேயும் பரவவிட்டேன். அந்த மாலைக்கு மட்டும், "5.25. குறிப்பிடும்படி எதுவும் இல்லை. காற்று கிழக்கிலிருந்து" என்று எழுதினேன். ரேஞ்சர் வாரம் வாரமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "எழுத்து அழகா இருக்கே" என்றார்.

பழைய நோட்டை எரிக்க முடியவில்லை. கேட்டது என்ற கோட்டில் எழுதியதை அழித்து எனக்குப் பழக்கமில்லை. வீட்டு பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

விசாரணை ஒரு மாதம் கழித்து நடந்தது. அழைப்பு எதுவும் கேட்டதா என்று அதிகாரி கேட்டார். கேட்கவில்லை என்றேன். டைரியைப் பார்த்துக்கொண்டார். அத்துடன் முடிந்தது. வெளியே நடையில் சுப்புராஜும் காளீஸ்வரியும் நின்றிருந்தார்கள். உள்ளே நான் சொன்னது அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கிறது.

"வெடிச்சேன் வெடிச்சேன்னு சொன்னியேண்ணே, காதுல விழுந்துச்சா அவரு சொன்னது?" என்று அண்ணனிடம் கேட்டார். "கம்பெனி கேட்டுல மறச்சுக் கொண்டு போனது தெரிஞ்சா வேல போயிரும்னு பயந்து வெடிக்காம இருந்துட்ட. எங்க வீட்டுக்காரரச் சாகக் குடுத்துட்டு அப்புறமா கதை கட்டுற."

"ஏத்தா, சத்தியமா வச்சேன். இவனுகளக் கேளு."

"அவனுக ஒனக்குக் கீழ வேல பாக்கவனுக. நீ என்ன சொன்னாலும் ஆமாம்பானுக."

சுப்புராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதாவது கேட்பார் என்று நின்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. தொழிலில் இருபது வருஷம் வெடி கட்டியவர், தன் வெடியின் சத்தம் தண்ணீரைத் தாண்டியதா இல்லையா என்று யோசிப்பவர் போல நின்றார். காளீஸ்வரி தனியாக பஸ் ஏறிப் போனார்.

நான்கு மாதம் கழித்து விருப்ப ஓய்வு வாங்கினேன். இடுப்பு வலி என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் இருந்தபடி தினமும் டைரி எழுதினேன். எழுத ஒன்றும் இல்லாத நாட்களிலும் ஐந்து கோட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில், அந்த நான்கு பேரில் ஒருவரைப் பார்த்தேன். போர்மேன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவரு கம்பெனிய விட்டுட்டாரு சார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ மில்லுல இருக்காராம். தங்கச்சி பேசுறதில்ல, இவரும் ஊருக்கு வர்றதில்ல. நான் அன்னைக்கு வெடிக்கு நல்லாத் திரி போட்டு வச்சனா இல்லையான்னு எங்கிட்டயே கேக்காரு" என்றார். அப்போதும் நான் அவர்களைத் தேடிப் போகவில்லை. பிறகுதான் அந்தக் காவலரின் போன் வந்தது. நான்காம் இடத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று அவருக்கு எழுத உட்கார்ந்தேன், முதல் வரிகூட வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய நோட்டை எடுத்துக்கொண்டு ஏழாயிரம்பண்ணைக்கு பஸ் ஏறினேன்.

காளீஸ்வரி தீப்பெட்டி கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் வேலையில் இருக்கிறார். வீட்டில்தான் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. நாற்காலி போட்டார். "காப்பி குடிக்கீகளா சார்?" என்றார். வேண்டாம் என்று நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வரியில் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். கடைசி வரிவரை ஒருமுறை போய்விட்டு மறுபடி முதல் வரிக்கு வந்தார்.

"இது அன்னைக்கே எழுதுனதா?"

"அன்னைக்கே. அந்த நேரத்துக்கே."

"அப்ப எங்க அண்ணன் வெடி வச்சது நெசம்."

"நிஜம்."

"நீங்க கேட்டிருக்கீக."

"ஆமா."

"பெறகு ஏன் சார் வரல?"

பஸ்ஸில் வரும்போது இதற்குத்தான் பதில் தயார் செய்திருந்தேன். சொன்னேன். "பட்டாசு ஊர்க்காரன்மா நான். வெடிச் சத்தம் எனக்குப் புதுசு இல்ல. யாரோ விளையாடுறாகன்னு நெனச்சுட்டேன்."

அந்தப் பெண் நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. உண்மையிலேயே புரியாதவர் போலக் கேட்டார்.

"எங்க ஊர்ல நேரங்கெட்ட நேரத்துல வெடிச் சத்தம் கேட்டா எல்லாரும் ஓடுவோமே சார். அடுப்புல சோறு கெடந்தா அப்படியே போட்டுட்டு ஓடுவோம். யாரு வீட்டு ஆளோன்னு ஓடுவோம். உங்க ஊர்ல ஓட மாட்டாகளா?"

எங்கள் ஊரிலும் ஓடுவார்கள். என் அம்மா மாவுக் கையோடு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவர் செல்போனை எடுத்தார். அண்ணனின் புது நம்பர் இருந்திருக்கிறது, ஒருதடவைகூட அழைத்ததில்லை என்றார். அழைத்தார். மறுமுனையில் எடுத்து, "யாரு?" என்று கேட்டது எனக்கே கேட்டது. காளீஸ்வரி போனை என்னிடம் நீட்டி, "நீங்களே சொல்லுங்க" என்று கையைக் காட்டினார்.

"சுப்புராஜ், மேலணை வாட்சர் பேசுறேன். அன்னைக்கு நீங்க வச்ச வெடி கேட்டுச்சு."

அந்தப் பக்கம் மில் இரைச்சல் மட்டும் வந்தது.

"எத்தன கேட்டுச்சு?" என்றார்.

"மூணும். ஒரு நிமிஷ இடைவெளியில."

"அப்பவே கேட்டுச்சா?"

"அப்பவே."

இரைச்சல் குறைந்தது, வெளியே வந்திருக்க வேண்டும். பிறகு நிதானமான குரலில் கேட்டார்.

"அப்ப நாங்க விடிய விடிய எதுக்கு சார் ஒக்காந்திருந்தோம்?"

இணைப்பு அறுந்தது. காளீஸ்வரி போனை என் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "அண்ணே" என்றார். பதில் வராததால், கொஞ்சம் சத்தமாக, இன்னொரு தடவை "அண்ணே" என்றார்.